எண்ணெய் ஊறும் கடலடியில் 18 நாள் ஷூட், கேமரா அசிஸ்டண்ட்டாகப் போகலாமா?

சாலிகிராமம்_ஃபோகஸ்:

எல்லோருக்கும் வணக்கம். கேமரா அசிஸ்டண்ட், வயது 28. தண்ணீருக்கடி வேலை என்று பார்த்தால் மூன்று படத்துக்கு நீச்சல் குளத்தில் ஹவுசிங் (கேமராவுக்குத் தண்ணீர் புகாத கூடு) பிடித்திருக்கிறேன், பாண்டிச்சேரிக் கடலில் ஒரு விளம்பரம், அவ்வளவுதான். டைவிங்கில் அட்வான்ஸ்டு முடித்தாயிற்று, லாக் புக்கில் 63 டைவ், அதில் பாதிக்கு மேல் அந்தமான்.

போன வாரம் ஒரு வெளிநாட்டு ஆவணப்பட யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவை ஒட்டி கோல் ஆயில் பாயிண்ட் என்று ஒரு இடம், கடல் தரையிலிருந்து எண்ணெயும் வாயுவும் தானாகவே ஊறி வருகிறதாம். குழாய் உடைந்ததோ கப்பல் கவிழ்ந்ததோ இல்லை, பூமிக்கு அடியில் இருப்பது விரிசல் வழியாக மேலே வருகிறது. அதை 18 நாள் படம் பிடிக்கப் போகிறார்கள். நான் இரண்டாவது அசிஸ்டண்ட். படகில் ஹவுசிங் கட்டுவது, லென்ஸ் மாற்றுவது, ஆள் குறைந்தால் லைட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது. பேட்டா, சம்பளம் எல்லாம் இங்கே கனவில்கூட கேட்க முடியாத அளவு. வேலைக்கான விசாவை அவர்களே எடுத்துத் தருகிறார்கள்.

ஆசையாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எண்ணெய் மிதக்கிற தண்ணீரில் இறங்கினால், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருகிற ரெகுலேட்டர் வழியாக உள்ளே போகுமா? அவ்வளவு வாயு வருகிற இடத்தில் படகில் எதையாவது பற்றவைத்தால் என்ன ஆகும்? என் சொந்த ஹவுசிங்கை எடுத்துப் போகலாமா? இஎம்ஐ இன்னும் 11 மாதம் பாக்கி.

அம்மாவிடம் சொன்னேன். நாங்கள் முன்பு தண்டையார்பேட்டையில் இருந்தவர்கள், போர் தண்ணீரில் டீசல் வாடை அடித்த காலத்தைப் பார்த்தவர்கள். "அந்த வாடைக்கே வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தோம், நீ தேடிப் போய் அதிலேயே முங்கப் போறியா" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

—

நீலாங்கரை_நீச்சல்:

தம்பி, நான் டைவிங் சொல்லிக் கொடுக்கிற ஆள், சினிமா தெரியாது. 63 டைவ் குறைவு என்று சொல்ல மாட்டேன், எங்கே போட்ட 63 என்பதைத்தான் பார்ப்பேன். அந்தமானில் தண்ணீர் 28 டிகிரி, அடி வரைக்கும் தெரியும், பனியன் போட்டுக்கொண்டே இறங்கலாம். நீ போகிற இடத்தில் மாதத்தைப் பொறுத்து 12லிருந்து 18 டிகிரி. அரை மணி நேரம் அசையாமல் லைட் பிடித்து நின்றால் விரல் மரத்துப்போய் கிளிப்பைக்கூட அவிழ்க்க வராது. அனேகமாக டிரைசூட் கொடுப்பார்கள், தண்ணீர் உள்ளே வராத, காற்று நிற்கிற உடை. இதுவரை போட்டதில்லை என்றால் முதல் தடவையே வேலையில் போடாதே. அதற்குள் காற்று நகர்ந்து காலுக்குப் போனால் தலைகீழாகத் தொங்குவாய். போனதும் இரண்டு நாள் பயிற்சி வேண்டும் என்று இப்போதே கேட்டு வாங்கு.

ஆழம் எவ்வளவு என்றும் கேள். 20, 22 மீட்டர் என்றால் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) கோர்ஸை இங்கேயே முடித்துவிட்டுப் போ. நடுவில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர வேண்டுமென்றால் 22 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கு அட்டவணை தருவது 37 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸில் அதே ஆழத்தில் சுமார் 55 நிமிடம் இருக்கலாம். ஷூட்டிங்கில் அந்தப் பதினெட்டு நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று உனக்கே தெரியும்.

ஒரு நல்ல விஷயம், கோவளத்திலும் இங்கேயும் மூன்று மீட்டர் தெரிந்தாலே கொண்டாடுகிற கடலில் பத்து டைவாவது போட்டிருப்பாய். மங்கலான தண்ணீரில் பதறாமல் இருக்கப் பழகினவனுக்கு அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

—

ஓரிங்:

நான் போயிருக்கிறேன். அதே இடம், 2019, ஆனால் 9 நாள்தான். நானும் வடபழனியில் ரெண்டல் ஹவுஸில் ஆரம்பித்தவன், அதனால் உன் பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலில் பயத்தை முடித்துவிடுவோம். கீழே நீ சுவாசிப்பது உன் சிலிண்டர் காற்று, சுற்றி மீத்தேன் கொப்பளித்தாலும் உனக்குள் வராது. ஆபத்து மேலே. நீ வெளியே வருகிற இடத்தில் எண்ணெய்ப் படலம் பளபளவென்று கிடக்கும், அதிலிருந்து ஆவி கிளம்பும், பெட்ரோல் பங்க்கில் தலையை டேங்குக்குள் விட்ட மாதிரி வாடை. புதுப்பையன்கள் தலை வெளியே வந்ததும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு ஆவென்று மூச்சு வாங்குவார்கள், எனக்கு முதல் நாள் சாயங்காலம் முழுக்க மண்டை இடித்தது அப்படித்தான். ஏணியில் ஏறி உட்காருகிற வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். எங்கள் படகுக்காரர் ஆள் மேலே வருவதற்கு முன்னால் ஹோஸால் தண்ணீர் அடித்துப் படலத்தை விலக்கி ஒரு ஜன்னல் மாதிரி திறந்துவைப்பார். அதை உங்கள் ஆட்கள் செய்வார்களா என்று கேட்டுக்கொள்.

தீப்பிடிக்குமா என்றால், காற்றில் மீத்தேன் 5லிருந்து 15 சதவீதம் இருந்தால்தான் பற்றும், திறந்த கடலில் காற்று அடிக்கும்போது அவ்வளவு சேராது. இருந்தாலும் எங்கள் படகில் சிகரெட் கிடையாது, பீடி கிடையாது, மேல்தளத்தில் அடுப்பு கிடையாது. இதைவிடப் பெரிய விஷயம் கம்ப்ரசர். படகிலேயே சிலிண்டர் நிரப்புகிறார்களா, கரையிலா? படகில் என்றால் கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாய் எந்தப் பக்கம் இருக்கிறது? காற்று எண்ணெய்ப் படலத்தின் மேலே அடித்து நேராக அந்த வாய்க்குள் போனால், கடலிலிருந்து தப்பித்த ஆவியை நீயே சிலிண்டரில் அடைத்துக்கொண்டு மறுபடி கீழே போகிறாய். இந்த ஒரு கேள்விக்கு அவர்கள் தெளிவாகப் பதில் சொன்னால் மற்றதையும் யோசித்திருப்பார்கள் என்று நம்பலாம்.

சரி, இப்போது வேலை. நீ நினைப்பது படம் பிடிக்கிற வேலை. அசிஸ்டண்ட்டுக்கு அது கழுவுகிற வேலை. ஒரு நாளில் நாலு மணி நேரம் ஷூட் என்றால் ஐந்து மணி நேரம் துடைத்துக்கொண்டிருப்பாய். அந்தப் பகுதி முழுவதும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 100 பீப்பாய் எண்ணெய் ஊறுகிறது, அதில் ஒரு சொட்டு டோம் போர்ட்டில் (ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் இருக்கிற அரைக்கோளக் கண்ணாடி) பட்டால் போதும், படம் முழுக்க வாஸலின் தடவிய மாதிரி ஆகிவிடும். கொடுமை என்னவென்றால் எண்ணெய் கீழே இல்லை, மேலே மிதக்கிறது. கேமரா தண்ணீருக்குள் போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டுதான் போயாக வேண்டும்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, சிரிக்காதே, ஹோட்டல் பாத்ரூமில் வைப்பார்களே ஷவர் கேப், அது. ஊசியால் நாலு ஓட்டை போட்டு டோமுக்கு மாட்டிவிடுவோம். மூன்று மீட்டர் கீழே போனதும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மேலே வருவதற்கு முன் இன்னொரு புதுசு. ஒன்பது நாளில் அந்த ஹோட்டலில் எங்கள் மாடிக்கு மட்டும் ஷவர் கேப் வைப்பதை நிறுத்திவிட்டார்கள், கடையில் போய் பெட்டியாக வாங்கினோம்.

அடுத்தது ரின்ஸ் டேங்க். எல்லா டைவ் படகிலும் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்கும், மேலே வந்ததும் கேமராவை அதில் முக்குவது பழக்கம். இரண்டாம் நாள் ஒருவர் பழக்கதோஷத்தில் முக்கிவிட்டார். தொட்டியின் மேலே வானவில் படர்ந்தது. அதற்கப்புறம் எதை உள்ளே விட்டு வெளியே எடுத்தாலும் அந்தப் படலத்தின் வழியாகத்தானே வரவேண்டும், ஆறு ரெகுலேட்டர், மூன்று மாஸ்க், லைட்டுகள் எல்லாமே வழுவழு. அன்று இரவு ஒன்றரை மணி வரை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்புமாக உட்கார்ந்திருந்தோம். முதலில் உறிஞ்சுகிற துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. அப்புறம் சோப்பு, அப்புறம் ஊற்றிக் கழுவுவது. முக்குவது என்ற பேச்சே கிடையாது. அக்ரிலிக் டோமை ஸ்பிரிட், அசிட்டோன் எதுவும் போட்டுத் துடைத்துவிடாதே, மெல்லிய விரிசல் விழும். கண்ணாடி டோம் இருந்தால் அதையே கேள்.

உன் சொந்த ஹவுசிங்? வேண்டாம். ஓ-ரிங், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கிற வளையம், எந்த ரப்பர் என்று பார்க்காமல் எண்ணெயில் இறக்கினால் போச்சு. நைட்ரைல் தாங்கும், ஈபிடிஎம் எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். டிரைசூட்டின் கழுத்து, மணிக்கட்டு லேடெக்ஸும் அப்படித்தான், சில நாளில் பிசுபிசுத்துக் கிழியும். அவர்களுடைய சாமான் என்றால் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். நான் ஆசைப்பட்டு என் மாஸ்க்கை எடுத்துப் போனேன். சிலிக்கான் பழுப்பாகி இன்றைக்கும் அலமாரியில் கிடக்கிறது, மோந்து பார்த்தால் அந்த ஊர் ஞாபகம் வரும்.

கேமராமேன் ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தருகிற, குமிழி விடாத செட்) போட்டு இறங்குவாரா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், காரணம் கீழே சொல்கிறேன். அப்படி என்றால் படகில் சுத்த ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். எண்ணெய்க் கையோடு அந்த வால்வைத் தொடவே தொடாதே. அழுத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீக்குச்சி தேவையில்லை. எங்கள் படகில் அந்தச் சிலிண்டர்களுக்கு ஒரு தனி மூலை, ஒரே ஆள், அவர் அன்றைக்கு வேறு எதையும் தொட மாட்டார்.

இனி கீழே என்ன தெரியும் என்பது. நாங்கள் இறங்கியது சுமார் 20 மீட்டர் ஆழம். மணல் தரையில் அங்கங்கே அழுக்கு வெள்ளைப் பஞ்சு விரித்த மாதிரி பாக்டீரியா, அதன் நடுவிலிருந்து கோலி சோடா உடைத்த மாதிரி குமிழி சரம் சரமாக. பெரிய துளைகளில் சரம் இல்லை, தூண். சில இடத்தில் வாயு குறைவு, தார் மட்டும் வரும். ஜிலேபி பிழிவார்களே, அதைத் தலைகீழாக யோசித்துப் பார், கருப்பு இழை தரையிலிருந்து மேல்நோக்கிச் சுருண்டு சுருண்டு நீண்டு, ஒரு கட்டத்தில் அறுந்து சொட்டாகி மிதந்து போகும். அந்த ஒரு ஷாட்டுக்காக மூன்று நாள் போனது. இழை எப்போது அறும் என்று தெரியாது, லைட் பிடிக்கிறவன் அசைந்தால் துடுப்பு கிளப்புகிற மண் வந்து மூடும்.

அதோடு குமிழிப் பிரச்சினை. சாதாரண ரெகுலேட்டரில் நீ மூச்சு விட்டாலே உன் குமிழி ஃபிரேமுக்குள் வருகிறது. முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு டைரக்டர் கேட்ட கேள்வி, "இதில் எது கடலுடையது, எது உன்னுடையது?" மனிதன் விடுகிற குமிழி பெரிசு, குடைக்காளான் மாதிரி தட்டையாக வரும், கடலுடையது சில மில்லிமீட்டர்தான், நெளிந்து நெளிந்து போகும். தெரிந்த கண்ணுக்கு உடனே தெரியும். அதனால்தான் ரீபிரீதர். லைட் பிடிக்கிற நாம் சாதாரண செட்டில் இருந்தால் நீரோட்டம் கேமராவைத் தாண்டிப் போகிற பக்கத்தில், அதாவது நம் குமிழி படத்திலிருந்து விலகிப் போகிற பக்கத்தில் நிற்க வேண்டும். நீரோட்டம் திசை மாறினால் நாமும் மாற வேண்டும். ஊரூர் குப்பத்து அண்ணன்கள் கரையில் நின்றே நீரோட்டத்தின் திசையைப் பார்த்து வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா என்று சொல்வார்கள் இல்லையா, அந்தக் கண் இருந்தால் நல்லது.

கடைசியாக ஒன்று, தூண் மாதிரி குமிழி வருகிற இடத்துக்கு மேலே நேராகப் போய் நிற்காதே. குமிழியோடு தண்ணீரும் சேர்ந்து மேலே ஓடுகிறது, உன்னையும் தூக்கும். டிரைசூட்டில் காற்றும் விரிந்தால் நிறுத்த முடியாமல் மேலே போய்விடுவாய். பக்கத்திலிருந்து பிடி.

—

சாலிகிராமம்_ஃபோகஸ்:

அண்ணா, இவ்வளவு எழுதினதுக்கு நன்றி. கம்ப்ரசர் கேள்வியை இன்றைக்கே மெயிலில் போட்டுவிட்டேன். உடம்பில் தார் ஒட்டினால் என்ன செய்தீர்கள்? அழுகின முட்டை வாடை வந்தால் ஓடிவிட வேண்டும் என்று எங்கேயோ படித்தேன், அது உண்மையா?

—

ஓரிங்:

ஹைட்ரஜன் சல்பைடு. உண்மைதான், ஆனால் மூக்கை நம்பாதே. அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போகும், வாடை நின்றுவிட்டது என்று நீ நிம்மதியாக இருப்பாய். படகில் வாயு அளக்கிற கருவி ஒன்று சட்டைப்பையில் மாட்டுகிற அளவில் இருக்கும். உனக்கும் ஒன்று கேள்.

தாருக்குத் தேங்காய் எண்ணெய். ஊற்றித் தேய்த்தால் இளகி வந்துவிடும், அப்புறம் சோப்பு. அந்த ஊர்க் கடற்கரையில் நடந்தாலே உள்ளங்காலில் அப்பிக்கொள்ளும், அங்கே இருப்பவர்கள் குழந்தைகளுக்குத் தடவுகிற எண்ணெயை வைத்துத் துடைக்கிறார்கள். அங்கே ஆதியிலிருந்து வாழ்கிற சூமாஷ் மக்கள் இந்தத் தாரைப் பொறுக்கித்தான் பலகைப் படகின் இடுக்குகளை அடைத்தார்களாம், நம் தோணிக்குக் குங்கிலியம் காய்ச்சிப் பூசுகிற மாதிரி. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார், கொஞ்சம் இறங்கி வரலாம்.

—

பள்ளிக்கரணை_ரோவ்:

நான் ஆழ்கடல் ரோபோ ஓட்டுகிற வேலை, ஆள் இறங்காத ஆழம். ஓரிங் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. இந்த மாதிரி கசிவு நம் வங்காள விரிகுடாவிலும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2018ல் கோவாவிலிருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தார் சிந்து சாதனா கப்பலில் போய் மீத்தேன் கசிவைக் கண்டுபிடித்தார்கள், 1,700 மீட்டருக்கும் கீழே. அங்கே எண்ணெய் ஒட்டுகிற கதை இல்லை, வேறு கதை. அந்த அழுத்தத்திலும் குளிரிலும் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்துவிடும், குமிழிமேலேயே ஒரு தோல் கட்டும். 2010ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது மேலே கவிழ்க்கக் கொண்டுபோன பெரிய இரும்புக் கூண்டுக்குள் இதே சாமான் நிறைந்துதான் அந்த முயற்சி படுத்தது. நாங்கள் ரோபோவைக் கசிவுக்கு நேர்மேலே நிறுத்தத் தயங்குவதும் அதனால்தான், அடியில் சேர்ந்தால் வண்டி எடை குறைந்த மாதிரி மேலே மிதக்கப் பார்க்கும்.

உங்களுக்குப் பயன்படுகிற ஒரு விஷயம். கசிவைத் தேட டைவர் வேண்டாம், படகில் இருக்கிற எக்கோ சவுண்டர் போதும், காசிமேட்டு விசைப்படகில் மீன் பார்க்க வைத்திருப்பார்களே அதே வகை. தரையிலிருந்து மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி ஒரு கோடு எழும், அதுதான். காலையில் முதல் வேலையாக அதைப் பார்த்து, இன்றைக்கு எந்தத் துளை வலுவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் ஒரு டைவ் மிச்சம். லைட்டை நேராக அடிக்காதீர்கள், பக்கவாட்டில் அல்லது பின்னாலிருந்து கொடுத்தால்தான் குமிழியின் விளிம்பு பளிச்சென்று தெரியும்.

—

எர்ணாவூர்க்காரன்:

எல்லோரும் சாமான் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்கிறேன். 2017 ஜனவரி 28 விடியலில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதினதே, அதற்கப்புறம் ஆர்.கே. நகர் குப்பத்துக் கல்லில் நாலு நாள் நின்று வாளியால் எண்ணெய் அள்ளினவன் நான். பிளாஸ்டிக் வாளி. ஒருவர் மொண்டு தர, அடுத்தவர் வாங்க, வரிசையாக நின்று கைமாற்றினோம். வெயில் ஏற ஏற அது அல்வா மாதிரி கெட்டியாகி வாளியைக் கவிழ்த்தாலும் விழாது. என் பாண்ட்டை எரிக்கத்தான் முடிந்தது.

அதனால் கேட்கிறேன். "பாருங்கள், இயற்கையே எண்ணெயைக் கடலில் விடுகிறது, அப்புறம் கப்பலையும் கிணற்றையும் ஏன் திட்டுகிறீர்கள்" என்று பேசுகிற படமா இது? அப்படிப் பேசுகிறவர்கள் கையில் ஒரு கணக்கும் இருக்கும். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003ல் போட்டது, உலகம் முழுக்க இயற்கைக் கசிவு வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் டன். கணக்கைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது உலகம் பூராவும், வருடம் பூராவும், சொட்டு சொட்டாக. அதைத் தின்கிற பாக்டீரியாவும் அங்கேயே பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது, அந்த வெள்ளைப் பஞ்சும் கசிவை நம்பி வாழ்கிறதுதானே. எங்கள் கரையில் ஒரு ராத்திரியில் வந்தது. இரண்டுக்கும் எண்ணெய் என்று பெயர் இருப்பதால் ஒன்றாகிவிடாது.

இன்னொன்று, சாண்டா பார்பராவில் கடல் நடுவே எண்ணெய்க் கிணறு வெடித்தது 1969, அதுவும் ஜனவரி 28. அந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

—

ஓரிங்:

எர்ணாவூர்க்காரரே, நியாயமான கேள்வி. எங்கள் படத்தில் அப்படி இல்லை, இவருடையது எப்படியோ தெரியாது. ஆனால் இரண்டாவது அசிஸ்டண்ட்டுக்கு யார் முழு ஸ்கிரிப்ட் தருவார்கள்? பணம் போடுவது யார் என்று கேட்கலாம், அது ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

—

எர்ணாவூர்க்காரன்:

கேட்டால் போதும். போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்தத் தலைகீழ் ஜிலேபியை எனக்கும் பார்க்க வேண்டும்.

—

சாலிகிராமம்_ஃபோகஸ்:

பதில் வந்துவிட்டது. சிலிண்டர் எல்லாம் கரையில் நிரப்புகிறார்கள், படகில் கம்ப்ரசரே கிடையாதாம். வாயு அளக்கிற கருவி ஆளுக்கு ஒன்று. டிரைசூட் பயிற்சி இரண்டு நாள் கேட்டேன், ஒன்றரை நாள் தருகிறார்கள். பணம் போடுவது ஒரு தொலைக்காட்சி நிறுவனம், எண்ணெய்க் கம்பெனி எதுவும் பட்டியலில் இல்லை, கதைச் சுருக்கம் இரண்டு பக்கம் அனுப்பினார்கள், அதில் பாதி பாக்டீரியா பற்றித்தான். ஹவுசிங் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் தேங்காய் எண்ணெய் அங்கே கிடைக்குமா, இங்கிருந்து ஆட்டிக் கொடுக்கவா என்று கேட்டார்.

டிரைசூட்டுக்குக் கழுத்துச் சுற்றளவு, மணிக்கட்டுச் சுற்றளவு கேட்டிருக்கிறார்கள். தையல்காரர் டேப் வைத்து அளந்தால் போதுமா? சட்டை காலர் 15.5, அதையே எழுதிவிடலாமா?

—

நீலாங்கரை_நீச்சல்:

காலர் அளவைக் கொடுக்காதே, அதில் விரல் போகிற இடைவெளி சேர்ந்திருக்கும், கழுத்து வழியாகத் தண்ணீர் வரும். டேப்பை வெறும் கழுத்தில் சுற்றி, நேராகப் பார்த்து, எச்சில் விழுங்கிவிட்டு அள. சென்டிமீட்டரில் எழுது.